பதினைந்து மீட்டர் நைலான் கயிறு

பிளான்ட் ஹெட்டின் காரின் பின்பக்கத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஜனவரியில், ஓசூர் சிப்காட்டில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு பிரேக் கம்பெனியின் வாசலில் இது நடந்தது. கீறியது ஒரு தொழிலாளியின் பைக். பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னான். பிரேக் செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் சொல்லக்கூடிய பேச்சா அது? அன்று மாலையே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் கீறல் போகவில்லை. பெயின்ட் அடித்தும் வெயிலில் பார்த்தால் தெரிந்தது. நம் தோலில் விழுந்த கீறல் நம்மோடு போகும். பெரிய மனுஷர் காரில் விழுந்த கீறல் நாலு பேரைப் பிடித்துத் தின்னாமல் அடங்காது.

கருப்பசாமி அந்தக் கம்பெனியில் மெஷின் ஷாப்பில் இருந்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் கான்ட்ராக்ட், இரண்டு வருஷம் ட்ரெய்னி, இப்போது ப்ரொபேஷன். இதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அது நடக்கவும் பேசவும் ஆரம்பித்துவிட்டது. வேலை மட்டும் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. மனைவி சக்தியும் மகள் தர்ஷினியும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். "பெர்மனென்ட் ஆகட்டும் மாப்ளே, கூட்டிட்டுப் போங்க. அந்தக் குளிர்ல பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு என்னத்தச் செய்வீக" என்று மாமனார் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். ஓசூர்க் குளிரைச் சொல்கிறாரா, மாப்பிள்ளையின் லட்சணத்தைச் சொல்கிறாரா என்று பிரித்தறிய முடியாதபடி சொல்வார்.

மார்ச் முதல் தேதி பெர்மனென்ட் லிஸ்ட் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மெமோ வாங்கியவன் பெயர் அதில் இருக்காது. கருப்பசாமி ஒரு மெமோவும் வாங்காமல், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அந்த மாதிரி கையையும் காலையும் கட்டி நடந்துகொண்டிருந்தான்.

கீறலுக்கு அடுத்த வாரம் கம்பெனியில் 'பாதுகாப்பான இடைவெளிக் குழு' என்று ஒன்று அமைத்தார்கள். பதினோரு பேர். பதினோரு பேரும் காரில் வருகிறவர்கள். இருசக்கர வாகனத்தைப் பற்றி விருப்பு வெறுப்பில்லாமல் யோசிக்க அதை ஓட்டத் தெரியாதவர்கள்தான் சரி என்று பிளான்ட் ஹெட் நினைத்திருக்க வேண்டும். தலைவர் சேஃப்டி மேனேஜர் திம்மப்பன். ஓசூர்க்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். மூன்றிலும் எதற்கும் பொறுப்பேற்காமல் பேச அவருக்குத் தெரியும்.

சொல்லப்போனால் இடைவெளி நல்ல விஷயம்தான். கருப்பசாமிக்கு அதைக் கமிட்டி போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவன் குடியிருந்தது குருபரப்பள்ளியில். தினமும் நாற்பது கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வந்து போகிறவன். முன்னால் போகிற லாரி திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதைச் சூளகிரி மேட்டில் இரண்டு முறை கண்ணால் பார்த்தவன். ஆனால் அந்த நாற்பது கிலோமீட்டரில் அவன் எவ்வளவு இடைவெளி விட்டான் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி கேட்டுக்கு முன்னால், நடக்கிற வேகத்தில் உருளும்போது எவ்வளவு விடுகிறான் என்பதுதான் குழுவின் கவலை. அங்கேதானே கார் நிற்கிறது.

குழுவின் கையில் ஒரு புத்தகம் இருந்தது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ண வேண்டும், எண்ணி முடிப்பதற்குள் நாம் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம் எனப் போட்டிருந்தது. எந்த மொழியில் எண்ணுவது என்று போடவில்லை. குழு இரண்டு நாள் கூடிப் பேசியது. பிறகு தொழிலாளிகளைக் கேன்டீனில் நிறுத்திக் கடிகாரம் வைத்துச் சோதித்தார்கள். கருப்பசாமி அருப்புக்கோட்டை வேகத்தில் ஒரு விநாடிக்குள் எண்ணி முடித்துவிட்டான். "சாவிரத ஒந்து" என்று கன்னடத்தில் ஆரம்பித்த ஆனேக்கல்காரருக்கு ஒன்றரை விநாடி ஆனது. கல்லாவியிலிருந்து வந்த ஒருத்தர் நடுவில் தும்மியதால் நான்கு விநாடி.

திம்மப்பன் எழுந்து பேசினார். "நாம இருக்கிறது மாநில எல்லை. இங்க மொழிப் பிரச்சினையைக் கிளப்பக்கூடாது. எண்ணிக்கையை நம்பினா தொழிலாளியோட மூளையை நம்பணும். அது நம்ம பாலிசி இல்ல. கயிறுக்கு மொழி கிடையாது, மூளையும் தேவையில்ல. கயிறு கொடுத்துடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மூளை உள்ளவர்கள் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள்.

அப்படித்தான் ஒவ்வொரு இருசக்கர வாகனத்துக்கும் பதினைந்து மீட்டர் நீல நைலான் கயிறு வந்தது. விதி எளிமையானது. வரிசையில் நிற்கும்போது உன் கயிற்றின் ஒரு முனையை முன்வண்டியின் கேரியரில் செக்யூரிட்டி முடிச்சுப் போட்டுக் கட்டுவார். மறுமுனையை உன் இடது கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிறு தொய்ந்தால் நெருங்கிவிட்டாய், மெமோ. கயிற்றை விட்டால் விலகிவிட்டாய், அதற்கும் மெமோ. ஷிப்ட் காலை ஆறரை. ஒரு நிமிஷம் பிந்தினால் அரை நாள் போச்சு என்கிற பழைய விதி அப்படியே இருந்தது. புது விதி வந்தால் பழையதை எடுக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

முதல் ஷிப்டில் நானூற்றுப் பன்னிரண்டு வண்டி. ஒன்றுக்குப் பதினைந்து மீட்டர். குழுவில் இரண்டு எம்.பி.ஏ. இருந்தும் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. முதல் நாள் காலை வரிசை சிப்காட்டைத் தாண்டி, ஜூஜூவாடியைத் தாண்டி, எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, கர்நாடகாவுக்குள் போய் நின்றது.

கருப்பசாமியும் அவனுடைய சிநேகிதர் ஷௌகத் அலியும் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர்கள். கம்பெனி கேட் வலது கைப்பக்கம் கண்ணெதிரே தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதைப் பார்த்துக்கொண்டே கடந்து, அத்திப்பள்ளி போய், அங்கே திரும்பி, வரிசையின் வாலைப் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேலைக்குப் போக தினமும் வெளிமாநிலம் போய் வந்தார்கள். இரண்டாம் நாள் கர்நாடகப் போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு வந்து, "ஏன்ரீ, மெரவணிகெயா?" என்று, ஏதோ ஊர்வலமா என்று கேட்டார்.

"இல்லா சார், கெலசக்கெ ஹோக்தா இதீவி" என்றார் ஷௌகத் அலி. வேலைக்குத்தான் போகிறோம் என்று பணிவாகச் சொன்னார்.

போலீஸ்காரர் கயிற்றைப் பார்த்தார். ஒருத்தனோடு ஒருத்தனாகக் கட்டப்பட்டு நிற்கிற நானூறு பேரைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். கேட் முன்னால் டீ விற்றுக்கொண்டிருந்த நாராயணம்மா மட்டும் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக நடந்து நன்றாக விற்றாள். "மீ கம்பெனி சல்லகா உண்டாலி" என்று தெலுங்கில் வாழ்த்தினாள். அந்தக் கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று உளமார வாழ்த்தியவள் அந்தச் சாலையில் அவள் ஒருத்திதான்.

ஷௌகத் அலி பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். லிஸ்ட் என்ற பேச்சே அவருக்குக் கிடையாது. லிஸ்டில் மற்றவர்கள் பெயர் வந்தால் ஸ்வீட் சாப்பிடுவார், அவ்வளவுதான். குருபரப்பள்ளியில் கருப்பசாமிக்கு அறை பிடித்துக் கொடுத்தவர் அவர். அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவர் மனைவி ஜைபா மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினாள். வரிசையில் எப்போதும் அவர் முன்னால் நிற்பார், கருப்பசாமி பின்னால். பதினைந்து மீட்டர் தள்ளி நின்று பேசுவதால் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இன்னா கருப்பு, லிஸ்ட்டு எப்போ?"

"மார்ச் ஒண்ணாந்தேதிங்காக பாய்!"

"வந்ததும் பாப்பாவ இட்டாந்துடு! ஜைபா கேட்டுனே இருக்கா!"

இடையில் இருந்த வெறுந்தரை முழுக்க அவர்கள் குடும்ப விஷயம் கொட்டிக் கிடந்தது.

ஆனால் நம் ஊரில் ரோட்டில் பதினைந்து மீட்டர் வெறுந்தரையை யாராவது சும்மா விட்டு வைப்பார்களா? பஸ்ஸில் அடுத்தவன் துண்டு போட்ட இடத்திலேயே உட்காருகிற ஜனம். நடந்துபோகிறவர்கள் கயிற்றைத் தாண்டினார்கள், ஆடுகள் கயிற்றுக்கு அடியில் நுழைந்தன. ஷேர் ஆட்டோக்காரர்கள் இடைவெளிக்குள் வண்டியைச் செருகி ஆள் ஏற்றினார்கள். குழு இதையும் கவனித்தது. மறுநாளே 'இடைவெளிக்குள் அந்நியரை அனுமதித்தல்' என்று புதிதாக ஒரு மெமோ வந்தது.

கேட்டுக்கு உள்ளே ஒரு பெரிய பலகை இருந்தது. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, தினமும் காலையில் செக்யூரிட்டி எண்ணை மாற்றுவார். பிப்ரவரி மூன்றாம் வாரம் அதில் 994 என்று இருந்தது. ஆயிரமாவது நாளுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று பந்தல்காரனுக்குக் கூடச் சொல்லியாகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் வரிசை கேட்டை நெருங்கியிருந்தது. ஷௌகத் அலிக்கு முன்னால் இரண்டே வண்டிதான் பாக்கி. அப்போது பெங்களூர்ப் பக்கமிருந்து கம்பெனியின் சொந்த லாரி, வார்ப்பு இரும்பு ஏற்றிக்கொண்டு வந்தது. அது இடது பக்கம் திரும்பிக் கேட்டுக்குள் போக வேண்டும். வழியில் ஆறு கிலோமீட்டர் வரிசை. டிரைவர் எங்கே போவான்? கண்ணில் பட்ட முதல் இடைவெளியில் திருப்பினான். ஷௌகத் அலிக்கும் கருப்பசாமிக்கும் நடுவில் இருந்த இடைவெளி அது.

"ஏய்! கயிறு! கயிறு!" என்று கருப்பசாமி கத்தினான்.

லாரியின் பம்பர் கயிற்றை வாரி இழுத்தது. கட்டைவிரலை எடுத்தால் மெமோ என்ற நினைப்பு அவனுக்கு வந்தது. பொய் சொல்வானேன், அந்த நேரத்திலும் வந்தது. அப்புறம்தான் விட்டான். கைப்பிடியிலிருந்து உருவிக்கொண்டு போன நைலான் அவன் உள்ளங்கையை ஒரு கோடு போலச் சுட்டுவிட்டுப் போயிற்று. இவன் பக்கம் சுற்றுத்தான். ஷௌகத் அலியின் கேரியரில் இருந்தது செக்யூரிட்டியின் முடிச்சு, அது அவிழவில்லை. வண்டியோடு அவரைப் பின்பக்கமாகப் புரட்டி, இடது காலின் மேல் வண்டி கிடக்க, கேட் வரை இழுத்துக்கொண்டு போய் லாரி நின்றது. நாராயணம்மா கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் டேப் வந்தது. திம்மப்பன் இரண்டு செக்யூரிட்டிகளை வைத்துக் கேட்டிலிருந்து ரத்தம் ஆரம்பிக்கிற இடம் வரை அளந்தார். முப்பத்தொரு மீட்டர். அவருடைய முகத்தில் நிம்மதி பரவியதைக் கருப்பசாமி பார்த்தான். மறுநாள் காலை பலகையில் 995 என்று எண் ஏறியது.

மூன்றாம் நாள் கருப்பசாமியைக் கான்பரன்ஸ் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். இடது கையில் கட்டோடு போனான். அதுவரை அவனை 'நீ, வா, போ' என்று பேசிய திம்மப்பன் அன்று, "வாங்க கருப்பசாமி, உக்காருங்க" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பிளான்ட் ஹெட் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. என்ன தப்பு நடந்தாலும் பலகையில் எழுதி 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில்தான் மூல காரணம். ஜப்பான்காரன் சொல்லிக் கொடுத்தது. ஆறாவதாக ஒரு ஏன் கேட்கக் கூடாது என்பது இவர்கள் சேர்த்துக்கொண்டது.

திம்மப்பன் மார்க்கரை எடுத்தார். ஷௌகத் அலி ஏன் விழுந்தார்? வண்டி இழுக்கப்பட்டதால். வண்டி ஏன் இழுக்கப்பட்டது? கயிறு லாரியில் மாட்டியதால். கயிறு ஏன் மாட்டியது? லாரி இடைவெளிக்குள் நுழைந்ததால். லாரி ஏன் நுழைந்தது? வேறு வழி இல்லாததால். வேறு வழி ஏன் இல்லை?

மார்க்கர் அந்தரத்தில் நின்றது. பிளான்ட் ஹெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல ஸ்டார்ட்டிங் பாயின்ட் தப்பு சார்" என்று திம்மப்பன் எல்லாவற்றையும் அழித்தார். இரண்டாவது முறை லாரி டிரைவரிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது ஏனில், டிரைவர் பதினாறு மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டியதும், ஓட்டச் சொன்னது யார் என்பதும் வரப் பார்த்தது. அதையும் அழித்தார். மூன்றாவது முறை, கயிற்றையும் லாரியையும் பக்கத்திலேயே சேர்க்காமல் எழுதினார். ஷௌகத் அலி ஏன் விழுந்தார்? வரிசையை விட்டு வலது பக்கம் விலகி நின்றதால். ஏன் விலகினார்? கவனக்குறைவால். ஏன் கவனக்குறைவு? பயிற்சியை மனதில் வாங்காததால். இரண்டு ஏன் மிச்சமே இருந்தது. சிக்கனத்துக்காகக் குழு தன்னைத் தானே பாராட்டிக்கொண்டது.

"பாய் விலகலை சார்" என்றான் கருப்பசாமி. "நேராத்தான் நின்னாரு. நான் பின்னாடி இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பாத்தீங்க இல்ல? அதான் உங்களைக் கூப்பிட்டோம். நேர் பின்னாடி இருந்து பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"கயிறு சார்..."

"எந்தக் கயிறு?" என்றார் திம்மப்பன். உண்மையிலேயே கேட்பது போலக் கேட்டார். அவர் சொன்னதில் பொய்யில்லை. விபத்து நடந்த அன்று மாலையே நானூற்றுப் பன்னிரண்டு கயிறும் திரும்ப வாங்கப்பட்டு, பாய்லரில் போடப்பட்டு, கரும்புகையாகக் கர்நாடகப் பக்கம் போயிருந்தது.

கருப்பசாமி கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்தான். "கேட்டுக்கு வெளிய நடந்தது கம்பெனி விபத்து இல்லைன்னு பலகைய மாத்திட்டீங்க. சரி சார். கேட்டுக்கு வெளிய கயித்த விட்டவுகளுக்கு மட்டும் எப்படி சார் மெமோ குடுத்தீக?"

பிளான்ட் ஹெட் திம்மப்பனைப் பார்த்தார். திம்மப்பன் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "அது டிசிப்ளின், கருப்பசாமி. டிசிப்ளினுக்கு எல்லை கிடையாது. பொறுப்புக்குத்தான் எல்லை உண்டு. எங்களுக்கு மட்டும் ஷௌகத் அலி மேல அக்கறை இல்லையா? ஆனா விபத்து வேற, விபத்து ரிப்போர்ட் வேற. விபத்தைக் கடவுளால கூடத் தடுக்க முடியாது. ரிப்போர்ட்டை நாம தடுக்கலாம். முடிஞ்சதைச் செய்யறதுதானே மனுஷ லட்சணம்?"

பிறகு அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து, அவன் பார்க்கும்படி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மார்ச் முதல் தேதி லிஸ்ட். ஏழாவது பெயர் அவனுடையது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பக்கத்திலேயே ரப்பரும் இருந்தது. அது பெயரை அழிக்கவா, கேள்விக்குறியை அழிக்கவா என்பதை அவனுக்கே விட்டுவிட்டார்கள்.

அவன் நினைத்தது இதுதான்: பாய்க்கு இனி எப்படியும் வேலை கிடையாது. கான்ட்ராக்ட் ஆள். நான் போடாவிட்டால் இன்னொருத்தன் போடுவான். போடாமல் இருந்து நானும் போனால் யாருக்கு என்ன லாபம்? ஆறு வருஷம். தர்ஷினி போனில் "அப்பா எப்ப வருவே" என்று கேட்கவில்லை. "நாங்க எப்ப வரணும்" என்று கேட்கிறாள், தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார். இப்படியெல்லாம் நினைத்தான். நினைத்ததில் ஒன்று கூட முட்டாள்தனம் இல்லை. அதுதான் கேவலம்.

வலது கையால் போட்டான். எழுத்து ஒழுங்காகவே வந்தது.

ஆயிரமாவது நாள் பந்தலில் பெரியவர்கள் வந்தார்கள். பிளான்ட் ஹெட் வெள்ளைப் புறாக்களைப் பறக்க விட்டார். அதில் ஒன்று பறக்கத் தெரியாமல் பந்தல் துணியில் முட்டி விழுந்தது. செக்யூரிட்டி அதை எடுத்துக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். 'இந்த ஆயிரம் நாட்களில் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு கூட இல்லை' என்று திம்மப்பன் மூன்று மொழியிலும் பேசினார். கருப்பசாமி இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றான். மார்ச் முதல் தேதி ஆர்டர் கையில் வந்தது. மாமனார் போனில், "இப்பத்தான் மாப்ளே நிம்மதி" என்றார். சக்தி அழுதாள்.

ஷௌகத் அலியை அவன் ஆஸ்பத்திரியில் ஒரே முறை பார்த்திருந்தான், அதுவும் அவர் மயக்கத்தில் இருந்தபோது. கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று வாரம் அவர் தெருவழியே போகாமல் சுற்றிப் போனான். குருபரப்பள்ளி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. ஒருநாள் ஜைபாவே அவனைக் கடைவீதியில் பிடித்துவிட்டாள். "தம்பி, அவரு உங்கள ரொம்பத் தேடறாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள்.

போனான். ஷௌகத் அலி கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது காலில் கம்பி மாட்டியிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"இரு பாய், இரு..."

"லிஸ்ட்ல பேரு வந்துச்சாமே? கேள்விப்பட்டேன். ஸ்வீட்டு கூட வாங்கி வரல பாரு, கஞ்சன்." சிரித்தார். சிரித்தபோது கால் இழுத்து முகம் சுருங்கியது. "நான் பயந்துனே இருந்தேம்பா. என்னால உன் பேரு கெட்டுடுமோன்னு."

"உங்களாலயா?"

"அந்தத் திம்மப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ரெண்டாம் நாளே. ஒரு பேப்பரு எடுத்தாந்தாரு. பின்னாடி நின்ன கருப்பசாமி பதினஞ்சு மீட்டருக்கு மேல விட்டு லாரிக்கு வழி கொடுத்துட்டான், அதான் இப்பிடி ஆச்சுன்னு எழுதிக்கீது. கையெழுத்து போட்டா கேட்ல ஒக்காந்து பாக்கற வேலை தர்றேன், பெர்மனென்டா தர்றேன்னாரு. ஜைபா கூட ஒரு நிமிசம் என் மூஞ்சியப் பாத்தா." அவர் ஜைபாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் முடியாதுன்ட்டேன். புள்ளக்குட்டிக்காரன், லிஸ்ட்டுல கீறான், அவன் மேல பழியப் போட்டுட்டு நான் கேட்ல ஒக்காந்து தெனம் அவன் மூஞ்சியில எப்பிடி முழிக்கறது? உன்னியும் கேட்டாங்களா?"

கருப்பசாமி அவர் காலில் இருந்த கம்பியைப் பார்த்தான். "கேட்டாக" என்றான்.

"இன்னா சொன்னே?"

"நானும் முடியாதுன்னுட்டேன் பாய்."

"எனக்குத் தெரியும்" என்றார் ஷௌகத் அலி. ஜைபாவிடம் திரும்பி, "சொன்னேனா இல்லியா?" என்றார். ஜைபா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள். அவன் அந்த டீயைக் குடித்தான். சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தாள்.

"கம்பெனிலருந்து பேர அடிச்சுட்டாங்கோ. அதுக்கோசரம் லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன் கருப்பு" என்றார் அவர். "வர்ற வியாழக்கெழம, கிருஷ்ணகிரில, பத்து மணிக்கு விசாரணை. சாட்சிக்கு உன் பேரு ஒண்ணுதான் போட்டுக்கீறேன். நடந்தத நடந்தபடி சொன்னாப் போதும். வந்துடுவே இல்ல?"

"வந்துருவேன் பாய்."

வியாழக்கிழமை கருப்பசாமி முதல் ஷிப்டுக்குப் போனான். பெர்மனென்ட் ஆள் என்பதால் இப்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸிலேயே இடம் உண்டு. அன்று மெஷினில் வழக்கத்தைவிட நாற்பது பீஸ் கூடுதலாக ஓட்டினான். சூப்பர்வைசர் தட்டிக் கொடுத்தார்.

லேபர் ஆபீஸில் நடந்தது பின்னால் அவன் காதுக்கு வந்தது. கேட்காமல் ஓடிவிட முடியாத இடத்தில் வைத்து ஒருத்தர் சொல்லிவிட்டார். ஜைபாவும் இன்னொருத்தரும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஷௌகத் அலியை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதிர் பெஞ்சில் திம்மப்பன் ஒரு ஃபைலை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தாராம். கருப்பசாமி, கருப்பசாமி, கருப்பசாமி என்று பியூன் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். அதிகாரி பேனாவை மூடப் போனார்.

ஷௌகத் அலி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்று, கும்பிட்டுச் சொன்னாராம்: "கொஞ்சம் இருங்க சார். வந்துனே இருப்பான். ரோட்டுல எதுனா நெரிசலா இருக்கும்."